நுண்ணறிவும் நம் பிள்ளைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

"இவனுக்குப் படிப்பு ஏறாது" என்னும் சொல்லைக் கேளாத வீடு நம் சேரிகளில் அரிது. பள்ளியில் ஆசிரியர் சிலர் சொன்னார்கள். வயலில் வேலை வாங்கிய பண்ணையார் சொன்னார். கேட்டுக் கேட்டுப் பழகிப்போய், ஈற்றில் நம் பெற்றோரே தம் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லத் தலைப்பட்டனர். நமக்குக் கல்விக் கதவை அடைத்து வைத்தது ஒரு கொடுமை. கதவு திறந்த பின்னரும் "உள்ளே வந்து என்ன பயன்? மூளை வேண்டாமா?" என்று கேட்டது மற்றொரு கொடுமை. முதலாவதைச் சட்டம் கொண்டு எதிர்த்தோம். இன்றும் எதிர்த்து வருகிறோம். இரண்டாவதை எதிர்ப்பதற்கு வரலாறும் அறிவியலுமே நமக்குக் கருவிகள்.

நுண்ணறிவு என்பது யாது? அதனை அளக்க முடியுமா? அது ஒன்றா, பலவா? மனிதர் எவ்வாறு நன்கு கற்கின்றனர்? இவ்வினாக்களை உலகம் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றது. அவ்வாராய்ச்சியின் வரலாறு ஏடுகளுக்குள் அடங்கிய செய்தி அன்று. கோடிக்கணக்கான எளிய மக்களின் வாழ்வை அது ஆக்கியும் இருக்கிறது, அழித்தும் இருக்கிறது. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவ்வரலாற்றை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

பாரிசில் பிறந்த அளவுகோல்

பிரான்சு நாட்டில் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. ஏழை எளியோரின் பிள்ளைகள் பெருந்திரளாகப் பள்ளிக்கு வந்தனர். அவர்களுள் பாடத்தில் பின்தங்கியோரைக் கண்டறிந்து அவர்களுக்கு உதவும் வழியை ஆராய 1904-ஆம் ஆண்டு அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஒரு குழுவை அமைத்தது. ஆசிரியரின் கருத்தை மட்டும் நம்பினால், குறும்பு செய்யும் பிள்ளையும் அவருக்குப் பிடிக்காத பிள்ளையும் மந்தன் என்று ஒதுக்கப்படக் கூடும். ஆகவே, விருப்பு வெறுப்பற்ற ஒரு சோதனை தேவைப்பட்டது.

அதனை வகுத்தவர் ஆல்பிரட் பினே என்னும் உளவியல் அறிஞர். துணை நின்றவர் தியோடர் சைமன். 1905-ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட அளவுகோலில் 30 சோதனைகள் இருந்தன. அசையும் ஒளியைக் கண்ணால் தொடர்தல், உடலுறுப்புகளைச் சுட்டிக் காட்டல், கேட்ட எண்களைத் திரும்பச் சொல்லல் எனச் சிறியவற்றிலிருந்து கடியவற்றிற்கு அவை படிப்படியாக ஏறிச் செல்வன.

ஈண்டு நம் இளைஞர்கள் மறவாது மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தம் அளவுகோல் ஒரு பிள்ளையின் இன்றைய நிலையைக் காட்டுமே ஒழிய, அவன் பிறவியில் கொண்டுவந்த முடிவான அறிவைக் காட்டாது என்று பினே கருதினார். அறிவு ஒரே அளவில் நின்றுவிடும், அதனைக் கூட்ட இயலாது என்று உரைத்தோரை அவர் வன்மையாகக் கண்டித்தார். உடலுக்குப் பயிற்சி இருப்பதுபோல் மனத்திற்கும் பயிற்சி உண்டு என்று சொல்லி, கவனம், நினைவு, பொறுமை ஆகியவற்றை வளர்க்கும் பயிற்சிகளையும் அவர் வகுத்தார். பின்தங்கிய பிள்ளைக்குக் கை கொடுப்பதற்காகப் பிறந்ததே அந்த அளவுகோல். 1911-ஆம் ஆண்டு பினே மறைந்தார். கோல் வேறு கைகளுக்குப் போயிற்று.

கோல் வேலியான கதை

1912-ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன், பிள்ளையின் மனவயதை உடல்வயதால் வகுத்து ஓர் எண்ணைக் காணும் முறையைக் கூறினார். 'நுண்ணறிவு ஈவு' பிறந்தது இவ்வாறே. இன்று 'ஐ.கியூ.' என்று எல்லோரும் வழங்குவது இதனைத்தான். அமெரிக்காவில் லூயிசு டெர்மன் என்பார் 1916-ஆம் ஆண்டு பினேயின் சோதனையைத் திருத்தி, இந்த எண்ணையும் சேர்த்து வெளியிட்டார். அந்நூலிலேயே, அமெரிக்கப் பழங்குடியினர், மெக்சிகர், கறுப்பினத்தவர் ஆகியோரிடம் மந்த அறிவு மிகுதி என்றும், அவர்தம் பிள்ளைகளைத் தனி வகுப்புகளில் பிரித்து வைக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். இந்தப் பேச்சு நமக்குப் புதிதன்று. நம் ஊரில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவே வேறுபாடு.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, படையில் சேர்ந்தோர் ஏறத்தாழ 17 இலட்சம் பேருக்கு இராபர்ட் யெர்க்சு என்பாரின் தலைமையில் சோதனைகள் நடத்தப்பட்டன. எழுத்தறிந்தோர்க்கு ஒன்று, அறியாதோர்க்குப் படங்களாலான மற்றொன்று என இரு வகை வினாத்தாள்கள் இருந்தன. படச் சோதனையில் டென்னிசு ஆடுகளத்தின் படத்தைக் காட்டி, விடுபட்டது யாது என்று கேட்டனர். வலை விடுபட்டுள்ளது என்பதே விடை. டென்னிசு ஆட்டத்தையே கண்டிராத ஏழை உழவன் என் செய்வான்? கொழு இல்லாத ஏர்க்கலப்பையின் படத்தைக் காட்டி, விடுபட்டது யாது என்று நகரத்துப் பேராசிரியரின் மகனைக் கேட்டிருந்தால் அவனன்றோ மந்தனாகியிருப்பான்! வாழ்வில் கண்டதையும் காணாததையும் அளந்துவிட்டு, பிறவி அறிவை அளந்ததாகப் பறைசாற்றினர்.

அம்முடிவுகளைக் கொண்டு 1923-ஆம் ஆண்டு கார்ல் பிரிகம் என்பவர் எழுதிய நூல், வட ஐரோப்பிய இனத்தவரே அறிவில் உயர்ந்தோர் என்று கூறியது. மறு ஆண்டு நிறைவேறிய குடியேற்றச் சட்டம் தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் அமெரிக்காவிற்குள் வருவதைக் கடுமையாகக் குறைத்தது. 1930-ஆம் ஆண்டு பிரிகம் தம் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று தாமே எழுதினார். ஆனால் அதற்குள் சட்டம் நிலைத்துவிட்டது.

இதனினும் கொடிது கேரி பக் என்னும் ஏழைப் பெண்ணின் கதை. தாய் மந்த அறிவினள், மகளும் அவ்வாறே, அம்மகள் ஈன்ற கைக்குழந்தையும் அவ்வாறே என்று முத்திரை குத்தி, கேரி பக்கிற்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வர்ஜீனியா மாநிலம் முனைந்தது. 1927-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு இசைவளித்தது. மந்தம் என்று முடிவு கட்டப்பட்ட அக்குழந்தை பின்னர்ப் பள்ளிக்குச் சென்று, நன்மாணாக்கர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதிலேயே நோயால் இறந்தும் போனாள். ஒரு சிறுமியின் மதிப்பெண் பட்டியல் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பொய்யாக்கியதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஒடுக்கப்பட்டோர் தந்த மறுமொழி

வீழ்த்தப்பட்ட மக்கள் வாய் மூடி இருந்தாரல்லர். ஆரேசு மான் பாண்டு என்னும் கறுப்பினக் கல்வியாளர் 1924-ஆம் ஆண்டு, தம் மக்களின் இதழான 'கிரைசிசு' ஏட்டில், படைச் சோதனையின் புள்ளிகளையே எடுத்துப் போட்டுக் காட்டினார். இல்லினாய், நியூயார்க்கு போன்ற வட மாநிலங்களின் கறுப்பின வீரர்கள், மிசிசிப்பி, ஆர்க்கன்சா போன்ற தென் மாநிலங்களின் வெள்ளை வீரர்களைவிட மேலான புள்ளிகள் பெற்றிருந்தனர். நிறமே அறிவின் அளவானால் இஃது எவ்வாறு நேரும்? வட மாநிலங்களில் பள்ளிகள் நன்றாக இருந்தன. தென் மாநிலங்களில் இல்லை. அந்தச் சோதனை அளந்தது பள்ளியையே என்பது அவர் வாதம்.

அறிவாளிகளான கறுப்பினத்தவரே வடக்கே குடிபெயர்ந்தனர் என்று எதிர்த் தரப்பார் சொல்லிப் பார்த்தனர். ஆட்டோ கிளைன்பெர்க் என்னும் அறிஞர் அதனையும் ஆராய்ந்து 1935-ஆம் ஆண்டு விடை தந்தார். தெற்கிலிருந்து நியூயார்க்கு வந்த பிள்ளைகள் அங்கு எத்துணை ஆண்டுகள் வாழ்ந்து படித்தனரோ அத்துணைக்கு அவர்தம் புள்ளிகள் ஏறியிருந்தன. ஊர் மாறிய பின்னும் பிள்ளை அதே பிள்ளைதான், பள்ளிதான் வேறு.

இங்கிலாந்தில் சிரில் பர்ட் என்பவர் புகழ்மிக்க உளவியல் அறிஞராக விளங்கினார். அறிவு பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது என்பது அவர் கொள்கை. பதினொரு வயதிலேயே தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் முறைக்கு அத்தகைய எண்ணங்கள் ஊட்டம் அளித்தன. பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையர்களை ஆராய்ந்ததாக அவர் வெளியிட்ட கணக்குகளை 1974-ஆம் ஆண்டு லியோன் காமின் என்பார் நுணுகிப் பார்த்தார். இரட்டையர் தொகை 21-இலிருந்து 53 ஆக உயர்ந்த பின்னரும், ஒப்புமை எண் 0.771 என்று மூன்றாம் தசமம் வரை மாறாமல் நின்றது. உண்மையான அளவையில் இவ்வாறு நேர்வது அரிதினும் அரிது. இன்று அக்கணக்குகளை ஆய்வுலகம் சான்றாகக் கொள்வதில்லை.

நியூசிலாந்தில் வாழ்ந்த ஜேம்சு பிளின் என்பவர் 1987-ஆம் ஆண்டு 14 நாடுகளின் சோதனைப் புள்ளிகளைத் தொகுத்துப் பார்த்தார். ஒரே தலைமுறையில் அவை பெருமளவில் உயர்ந்திருந்தன. ஒரு மக்களின் குருதி ஒரு தலைமுறையில் மாறுவதில்லை. பள்ளி, உணவு, உடல்நலம், வாழ்க்கை முறை ஆகியனவே மாறும். ஆளுக்கு ஆள் அறிவாற்றலில் வேறுபாடு உண்டு. அதில் பிறப்பிற்கும் பங்கு உண்டு, வளர்ப்பிற்கும் பங்கு உண்டு. இதனை மறுப்பார் இல்லை. ஆனால் ஒரு சமுதாயம் முழுவதும் பிறப்பால் அறிவு குன்றியது என்னும் கூற்றுக்கு அறிவியலில் இடமில்லை.

அறிவு ஒன்றா, பலவா?

1904-ஆம் ஆண்டு இங்கிலாந்து அறிஞர் சார்லசு ஸ்பியர்மன், ஒரு பாடத்தில் நன்கு தேறும் பிள்ளை பிற பாடங்களிலும் பெரும்பாலும் தேறுவதைக் கண்டு, எல்லா ஆற்றலுக்கும் அடியில் ஒரு பொது அறிவாற்றல் உள்ளது என்றார். 1938-ஆம் ஆண்டு அமெரிக்கர் தர்சுடன், சொல்லாற்றல், எண்ணாற்றல், நினைவாற்றல், இடவுணர்வு முதலிய ஏழு அடிப்படை ஆற்றல்களை எண்ணிக் காட்டினார். இவ்வழக்கு நெடுங்காலம் நடந்தது.

1983-ஆம் ஆண்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் அவர்டு கார்ட்னர் ஒரு நூலை வெளியிட்டு, பள்ளிகள் அளக்கும் மொழித் திறனும் கணக்குத் திறனும் மட்டுமே அறிவு ஆகா என்று வாதிட்டார். மொழி, தருக்கமும் கணிதமும், இசை, உடலியக்கம், இடவுணர்வு, பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு வகை நுண்ணறிவுகளை அவர் கூறினார். இயற்கையை அறிதல் என்னும் எட்டாவதைப் பின்னர்ச் சேர்த்தார். இக்கொள்கையை உலகெங்கும் ஆசிரியர்கள் மகிழ்ந்து வரவேற்றனர். உளவியல் அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. இவ்வாற்றல்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியே இயங்குவதற்குப் போதிய சான்று இல்லை என்பது அவர்தம் மறுப்பு.

இக்கொள்கை நம் காதிற்கு இனிக்கிறது. தவிலின் நடையை ஒரு முறை கேட்டு வாசிப்பவனும், நாற்று முடியைக் கையில் எடுத்தவுடன் எடை சொல்பவளும், இரு தரப்பாரையும் அமர்த்தி வழக்குத் தீர்க்கும் ஊர்ப் பெரியவரும் அறிவாளிகளே என்று ஒருவர் சொல்லும்போது நம் உள்ளம் குளிர்வது இயல்பே. ஆயினும் இங்கேயே நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஏனெனில், இனிப்பான கொள்கையும் கூண்டாகக் கூடும்.

1990-களில் ஆத்திரேலியாவின் ஒரு மாநிலத்தில், எந்த இனத்தவர்க்கு எந்த வகை அறிவு உண்டு, எது இல்லை என்று பட்டியல் போட்ட கல்வித் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. கார்ட்னரின் கொள்கையே அதற்கு அடிப்படை எனக் கூறப்பட்டது. அதனைக் கேள்வியுற்ற கார்ட்னர், இது போலி அறிவியல் என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகக் கண்டித்தார், திட்டம் கைவிடப்பட்டது. அறிவின் வகைகளைச் சொன்னவரே, அவ்வகைகளை மக்கள்மேல் ஒட்டாதீர் என்று கூவ வேண்டியதாயிற்று.

கைக்கு ஒரு குலம், மூளைக்கு ஒரு குலம்

நம் நாட்டினர்க்கு இந்த எச்சரிக்கை வேறெவரையும்விட நன்கு விளங்கும். ஒருவனுக்கு ஓதும் அறிவு, ஒருவனுக்கு ஆளும் அறிவு, ஒருவனுக்கு விற்கும் அறிவு, ஒருவனுக்கு உடலால் உழைக்கும் அறிவு என்று பிறப்பிலேயே பங்கிட்டுவிட்ட நாடு இது. அந்தப் பங்கீட்டிலும் இடம் பெறாது ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் நாம்.

1936-ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர், இலாகூர் மாநாட்டிற்கென எழுதி, பேசவிடாமல் தடுக்கப்பட்டுத் தாமே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இதனைக் கூர்மையாக ஆராய்ந்துள்ளார். சாதி என்பது தொழிற் பிரிவினை மட்டும் அன்று, அது தொழிலாளரைப் பிரிக்கும் பிரிவினை. ஒருவனின் இயல்பான திறனையோ விருப்பத்தையோ அது பார்ப்பதில்லை, பெற்றோரின் நிலையை மட்டுமே பார்த்து வேலையை முன்கூட்டியே விதிக்கிறது என்பது அவர் கருத்து. மனிதர் எல்லோரும் திறனில் ஒத்தவர் அல்லர் என்னும் வாதத்தையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. ஒரு சமுதாயம் தன் மக்களிடமிருந்து மிகுந்த பயனைப் பெற வேண்டுமாயின், தொடக்கத்திலேயே எல்லோரையும் இயன்ற மட்டும் சமமாக நடத்த வேண்டும் என்று அதற்கு விடை கண்டார். வகுப்பில் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட அச்சிறுவன் கொலம்பியாவிலும் இலண்டனிலும் உயர் பட்டங்கள் பெற்றதே அவ்வுரைக்கு உயிருள்ள சான்று.

சென்னை மாகாணத்தில் 1893-ஆம் ஆண்டு பஞ்சமர் கல்விக்கென அரசாணை பிறந்தது. 1894-ஆம் ஆண்டு அடையாற்றில் கர்னல் ஆல்காட்டு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். இவ்வாறு படிப்படியாக நம் பிள்ளைகள் பலகையும் பலப்பமும் கையில் ஏந்திவந்த காலத்தில்தான், 1953-ஆம் ஆண்டு, இராசாசி அரசு புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்பது அத்திட்டம். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாமையை அரசு காரணம் காட்டிற்று. செய்து கற்றலே சிறந்த கல்வி என்ற வாதமும் எழுந்தது. 'குலக் கல்வித் திட்டம்' என்று பெயரிட்டுத் தமிழ்நாடு அதனை எதிர்த்தது. 1954-ஆம் ஆண்டு முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார்.

செய்து கற்றல் தீயதன்று. அண்ணல் அம்பேத்கரின் ஆசிரியருள் ஒருவரான ஜான் டூயி, 1896-ஆம் ஆண்டு சிகாகோவில் நிறுவிய பள்ளியில் பிள்ளைகள் மரவேலை செய்தனர், சமைத்தனர், நெய்தனர். ஆனால் அங்கே எல்லாப் பிள்ளைகளும் எல்லாம் செய்தனர். செய்வதன் வழியே கணக்கும் அறிவியலும் வரலாறும் பயின்றனர். செருப்புத் தைப்பவர் மகன் செருப்பையும், வெளுப்பவர் மகன் வெளுப்பையும் கற்க வேண்டும் என்று அங்கு எவரும் விதிக்கவில்லை. ஒரே சொல்லின்கீழ் இரண்டு கல்விகள் ஒளிந்திருக்கக் கூடும். ஒன்று கையின் வழியே மூளையைத் திறப்பது. மற்றொன்று கையைக் காட்டி மூளையை மூடுவது. இவ்விரண்டையும் பிரித்தறியும் கண் நம் இளைஞர்களுக்கு வேண்டும். "உன் பிள்ளைக்குக் கைத்திறன் மிகுதி, அவனுக்கு எதற்குக் கணிதம்?" என்று எவரேனும் புகழ்ந்துரைத்தால், அப்புகழுரையினுள் பழைய விலங்கு கிடக்கிறதா என்று பாருங்கள்.

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

பிரேசில் நாட்டின் ரெசிபே நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களைச் சில ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1985-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். விற்பனையின்போது கேட்ட கணக்குகளுக்கு அச்சிறுவர்கள் நூற்றுக்கு 98 விழுக்காடு சரியான விடை தந்தனர். அதே கணக்குகளை எண்களாக மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடே தேறினர். பிள்ளைகளும் அவர்களே, கணக்கும் அதுவே. ஆயினும் தாளின்மேல் அவர்கள் தோற்றனர்.

நம் நாட்டிலும் கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்த பிள்ளைகள் 1,400 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த முடிவு 2025-ஆம் ஆண்டு வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற அபிசித் பானர்சி, எசுத்தர் டுப்ளோ ஆகியோர் அவ்வாய்வில் பங்கு கொண்டனர். சந்தையில் மனக்கணக்காக விலை சொன்ன பிள்ளைகள் பள்ளி முறைக் கணக்கில் தடுமாறினர். பள்ளியில் மட்டும் பயின்ற பிள்ளைகளோ தாளில் போட்ட கணக்கைச் சந்தையில் போட இயலாது திகைத்தனர்.

கூலி நெல்லை மரக்காலால் அளந்து, ஆளுக்கு இத்தனை படி என்று நொடியில் பங்கிடும் நம் தாய்மார்களை எண்ணுங்கள். அவர்களிடம் கணக்கறிவு இல்லை என்று எவர் சொல்லக் கூடும்? அவர்களுக்கு இல்லாதது கணக்கை எழுதும் முறை ஒன்றே. அம்முறையைக் கற்பிக்காமல் விட்டுவிட்டு, அறிவில்லை என்று சொன்னது உலகம். ஆனால் வீட்டில் உள்ள அறிவே போதும் என்று நாமும் இருந்துவிடலாகாது. தேர்வும் வேலையும் சட்டமும் தாளின்மேல் நடக்கின்றன. வாழ்வில் பெற்ற அறிவிலிருந்து ஏட்டறிவிற்குப் பாலம் அமைப்பதே ஆசிரியரின் பணி. படி, உழக்கு, ஆழாக்கு தெரிந்த பிள்ளைக்கு அரை, கால், அரைக்கால் என்னும் பின்னங்களைக் கற்பிப்பது அரிதன்று. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கொண்டு செல்லும் அந்த ஓர் அடியை எடுத்து வைக்க ஆள் வேண்டும்.

பெயர் கேட்டால் குறையும் அறிவு

உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் கார்லா ஆப், பிரியங்கா பாண்டே என்னும் இருவர் ஓர் ஆய்வு நடத்தினர். 2004-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. உயர்த்தப்பட்ட சாதிச் சிறுவர் 321 பேரும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர் 321 பேரும் தாளில் வரைந்த புதிர்வழிகளுக்கு விடை காண வேண்டும். விடைக்கு ஏற்பப் பரிசுப் பணம் உண்டு. சாதி தெரிவிக்கப்படாதபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் விடை கண்டனர். ஒவ்வொருவர் பெயரோடும் சாதியை எல்லோர் முன்னும் படித்துக் காட்டியபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர் கண்ட விடைகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்துபோயின. சில நிமிடங்களுக்குள் மூளை மாறிவிடுமா? மூளை மாறவில்லை. தன்னை இகழும் கண்கள் தன்மேல் பதிந்துள்ளன என்னும் உணர்வும், இங்கு நமக்கு நியாயம் கிடைக்குமா என்னும் ஐயமும் அவர்களைத் தளர்த்தியிருக்க வேண்டும்.

இதனை நம் முன்னோர் ஆய்வின்றியே அறிந்திருந்தனர். கோயம்புத்தூரில் பயின்ற நாளில், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் பிற மாணவரோடு பழகாமல் ஒதுங்கியே இருந்ததைத் தாத்தா இரட்டைமலை சீனிவாசனார், 1939-ஆம் ஆண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் குறித்துள்ளார். பாடத்தைச் சுமப்பதோடு அச்சத்தையும் சுமந்து கற்றார் அவர். அச்சுமையோடும் வட்டமேசை மாநாடு வரை சென்றார். அச்சுமை இல்லாதிருந்தால் நம் மக்களுள் இன்னும் எத்தனை சீனிவாசனார்கள் தோன்றியிருப்பர் என்பதே நம் நெஞ்சை அறுக்கும் வினா. ஆகவே, எல்லோர் முன்னும் சாதி கேட்கும் வழக்கமும், உதவித்தொகை பெறுவோரை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கமும் வெறும் பண்புக் குறைகள் அல்ல. பிள்ளையின் அறிவைக் குறைக்கும் செயல்கள். அவை எங்கு நடந்தாலும் நாம் தட்டிக் கேட்க வேண்டும்.

எவ்வாறு கற்பது நன்று?

ஒரு பிள்ளை கண்ணால் கற்பவன், ஒரு பிள்ளை காதால் கற்பவன் என்று வகைப்படுத்தி, அவ்வவ் வகையிலேயே கற்பிக்க வேண்டும் என்னும் பேச்சு பள்ளிகளில் பரவியுள்ளது. 2008-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் அறிஞர் நால்வர் இதற்குரிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதால் நன்மை உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என முடிவு கூறினர். ஒரு பொருளைக் கண்டும் கேட்டும் செய்தும் கற்பது எல்லோர்க்கும் நன்று. பிள்ளைகளை மீண்டும் கூறு போட வேண்டுவதில்லை.

எல்லோர்க்கும் பயன்படுவன எனத் தெளிந்த வழிகள் சில உள்ளன. அவற்றிற்குப் பணச் செலவு இல்லை என்பது நம் போன்றோர்க்கு நற்செய்தி.

முதலாவது, இடைவெளி விட்டுப் படித்தல். 1885-ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் எபிங்காசு தம்மையே சோதித்துப் பார்த்தார். ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பகுத்து 38 முறை ஓதியே அவர் பெற்றார். தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுதும் கண் விழிப்பதைவிட, நாளும் ஒரு மணி நேரம் படிப்பது மேல்.

இரண்டாவது, நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தல். 2006-ஆம் ஆண்டு இரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் செய்த ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்த மாணவர் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவு கூர்ந்தனர். ஒரு முறை படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவரோ 56 விழுக்காடு நினைவு கூர்ந்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவரே முந்தினர் என்பதையும் நோக்குக. உடனே வரும் எளிமை நம்மை ஏமாற்றும். முயன்று நினைவு கூர்ந்ததே நிலைக்கும்.

மூன்றாவது, பிறர்க்குக் கற்பித்தல். இதில் நம் மண்ணுக்கே ஒரு பெருமை உண்டு. 1789-ஆம் ஆண்டு முதல் சென்னையில் படைவீரர்தம் ஆண் பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் கொணர்ந்தார். தேர்ந்த மாணவனைக் கொண்டு இளைய மாணவர்க்குக் கற்பித்தார். சட்டாம்பிள்ளை வைத்து நடத்தும் திண்ணைப் பள்ளிக்கூட வழக்கத்தை ஒத்தது அம்முறை. 1797-ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்தில் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அது ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. சென்னை மணலில் எழுதிய முறை கடல் கடந்தது. ஆனால் அதே மண்ணில் பெரும்பாலான திண்ணைகளில் ஏற நம் பிள்ளைகளுக்கு உரிமை இருக்கவில்லை. இன்று அந்த முறையை நம் மாலை வகுப்புகளில் நாமே நடத்த எவர் தடை? பத்தாம் வகுப்பு மாணவி ஆறாம் வகுப்புச் சிறுவனுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். இருவர்க்கும் அது கல்வியாகும்.

சமுதாயத்தீரே! பினேயின் அளவுகோல் கை கொடுக்கும் கோலாகப் பிறந்து, தடுக்கும் வேலியானது. அறிவின் வகைகள் என்னும் கொள்கை மதிப்பை உயர்த்தப் பிறந்து, இனப் பட்டியலாக மாறப் பார்த்தது. செய்து கற்றல் என்னும் நல்வழி குலத்தொழிலுக்குப் போர்வையானது. எந்தக் கொள்கையும் தானே நல்லதாகவோ தீயதாகவோ நிற்பதில்லை; அது எவர் கையில் இருக்கிறது, எவரைத் திறக்கிறது, எவரை அடைக்கிறது என்பதே அதன் உரைகல். அவ்வாறு உரைத்துப் பார்க்கும் ஆற்றலை நம் பிள்ளைகளுக்குத் தருவதே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணியின் பொருள் என்று கொள்வோம்.

பெற்றோரே! "படிப்பு ஏறாது" என்னும் சொல்லை இன்றோடு நம் வீடுகளிலிருந்து வெளியேற்றுங்கள். மாலையில் பிள்ளையை அருகழைத்து, நூலை மூடச் சொல்லி, "இன்று என்ன கற்றாய், எனக்குச் சொல்" என்று கேளுங்கள். நீங்கள் எழுத்தறியாதவராயினும் குற்றமில்லை. கேட்கும் காது போதும். இளைஞர்களே! கல்லூரி வரை சென்ற நீங்கள் வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளை நம் தெருப் பிள்ளைகளுக்குத் தாருங்கள். உங்கள் முன் அமரும் பிள்ளை எந்த வகை அறிவினன் என்று ஆராய வேண்டா. அவனுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள், அங்கிருந்து தொடங்குங்கள், அவன் எங்கு செல்ல விரும்புகிறானோ அதுவரை உடன் செல்லுங்கள்.